எலும்பு கூடிவிட்டது, இனி உன் பாடு

கணுக்காலை உடைத்துக்கொண்டவர் மேல் ஊருக்கு இருக்கும் அக்கறையெல்லாம் எக்ஸ்ரேயில் அந்தக் கோடு மறையும் வரைதான். அதுவரை பழக்கூடை என்ன, நலம் விசாரிப்பு என்ன, வாட்ஸ்அப்பில் தினம் ஒரு பிள்ளையார் படம் என்ன! எலும்பு டாக்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “நன்றாகக் கூடியிருக்கிறது, இனி பிசியோவுக்குப் போங்கள்” என்று சொன்ன மறுநாளே எல்லாம் ஓய்ந்துவிடும். அலுவலகத்தில், “எப்போதிலிருந்து வருகிறீர்கள்?” வீட்டில், “இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் கோல்?” சொந்தக்காரர்கள் கேட்பதை அப்படியே எழுதினால் சண்டை வரும். “எலும்புதான் கூடிப்போச்சே, இன்னும் என்னத்துக்கு நொண்டுறே?” என்பது அதில் ரொம்பவும் மரியாதையான கேள்வி.

எலும்பு கூடுவது வேறு, கால் நடப்பது வேறு என்று யாருக்குச் சொல்லி எப்படிப் புரியவைப்பது? தகடும் திருகாணியும் வைத்து நேராக நிறுத்திவிட்டால், ஆறேழு வாரத்தில் எலும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அந்த வாரங்களில் நாம் செய்ய வேண்டியது காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டு கிடப்பது மட்டும்தான். அப்படிக் கிடந்ததற்கு வட்டி பிறகு வருகிறது. கெண்டைக்கால் சதை சூம்பிப்போய்ப் புடவைக்குள்ளேயே வித்தியாசம் தெரிகிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரெல்லாம் இறுகிக் கிடக்கிறது. சாயங்காலமானால் பாதம் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைகிறது. பல் தேய்க்கும்போது கொஞ்சம் திரும்பினால்கூடத் தடுமாற்றம், ஏனென்றால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிட்டது. இதில் ஒன்றாவது எக்ஸ்ரேயில் தெரிகிறதா என்றால், இல்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள். கட்டு அவிழ்த்த காலைப் பார்த்தால், “ஏன் இந்தம்மா வழியை மறித்துக்கொண்டு நடக்கிறாள்” என்று உச்சுக்கொட்டுவார்கள்.

விழுந்த இடத்தைச் சொன்னால், சிங்கப்பூரில் தேக்கா பக்கம் புழங்குகிற எவரும் “அங்கேயா, அங்கே விழாமல் இருந்தால்தான் அதிசயம்” என்பார்கள். எந்தக் கடை வாசல் என்று சொல்ல மாட்டேன்; லிட்டில் இந்தியாவில் பாதிக் கடை வாசல் அப்படித்தான். அடைமழை. குடை பிடித்துத் தெருவில் நடப்பதற்குப் பதில் கடை முன் தாழ்வாரமான அஞ்சடியில் ஒதுங்கி நடந்தேன். அஞ்சடி அதற்காகத்தானே இருக்கிறது? 1822இல் ராஃபிள்ஸ் இந்த ஊருக்கு நகரத் திட்டம் வகுக்கச் சொன்னபோது, வீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட தாழ்வாரம் விடவேண்டும், தெருவின் இருபுறமும் அது எந்நேரமும் திறந்த, அறுபடாத நடைபாதையாக இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற யோசனை, குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் பிறகு வந்தவர்களிடம். ஒரு கடைக்காரர் வாசலை ஒரு சாண் உயர்த்தினார், பக்கத்துக் கடைக்காரர் அப்படியே விட்டார், அதற்கடுத்தவர் நடுவில் ஒரு சரிவைப் போட்டு அதன்மேல் பூப்போட்ட ஓடுகளையும் பதித்தார். மேலே பார்த்தால் ஒரே கூரை. கீழே பார்த்தால் ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. போதாததற்கு வெங்காய மூட்டை, அட்டைப்பெட்டி, பூக்கடைத் தண்ணீர் வாளி. அந்த வாளித் தண்ணீரும் மழைச்சாரலும் பழைய ஓட்டின் மேல் கலந்த இடத்தில்தான் என் கால் மடங்கியது.

அஞ்சடியில் சாமான் அடுக்குவது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. 1888இல் நகராட்சி அதையெல்லாம் அப்புறப்படுத்தக் கிளம்பியபோது கடையடைப்பு, கல்வீச்சு என்று கலகமே மூண்டது. வெராண்டா கலகம் என்று சரித்திரத்திலேயே அதற்குப் பெயர் இருக்கிறது. அப்போதிலிருந்து மூட்டையை நகர்த்தச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை போலும். 1989 ஜூலையில் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் அறிவித்தார்கள். நல்லதுதான், இல்லாவிட்டால் இந்நேரம் எல்லாம் கண்ணாடிக் கட்டடமாகியிருக்கும். ஆனால் ஜன்னலையும் தூணையும் பாதுகாத்த கையோடு, இடறி விழவைக்கும் படியையும் சேர்த்தல்லவா பாதுகாத்துவிட்டார்கள்!

சரி, விழுந்தாயிற்று. அடுத்து வந்தது சூப்பு.

கால் உடைந்தால் ஆட்டுக்கால் சூப்பு என்று எந்த வைத்தியர் எழுதிவைத்தாரோ தெரியாது. மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் முழுக்க வீடு மிளகும் சீரகமுமாக மணந்தது. மாமியார் வழி, அம்மா வழி, அலுவலகத் தோழி, கோயிலில் பார்த்தால் சிரிக்கிற அளவுக்கு மட்டும் பழக்கமுள்ள ஒரு அம்மா, எல்லாரும் தூக்கில் சூப்பு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தட்டிய கதவைத் திறந்தால் அவர் கையிலும் ஒரு பானை. அது ஆருவான் மீன் சூப்பு, நம் விரால்தான். புண் ஆற விரால் என்பதில் மட்டும் இந்த ஊர் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. குடித்தேன். மறுக்க மனம் வரவில்லை, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சென்னையிலிருந்து சித்தி, “ஊர்ல இருந்திருந்தா ஒரு புத்தூர் கட்டுல முடிஞ்சிருக்கும், இதுக்குப் போயி ஆப்பரேஷனா” என்று போனில் அலுத்துக்கொண்டார். ஒருவர் தைலம் கொடுத்து நீவச் சொன்னார். தகடு வைத்த காலை நீவுவதாவது!

இந்தச் சூப்புக் கூட்டத்தில் ஒருவருக்காவது பிசியோ என்றால் என்னவென்று தெரிந்திருந்ததா? “அதான் வாரா வாரம் போயி மசாஜ் பண்ணிட்டு வர்றியே” என்கிறார்கள். நானும் அப்படி நினைத்துப் போயிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். இங்கே பிசியோதெரபிஸ்ட் என்று பெயர்ப் பலகை வைத்துக்கொள்ள முறையான பட்டம் வேண்டும், 2011இல் வந்த சட்டத்தின்படி மன்றத்தில் பதிவும் வேண்டும். அவர்கள் நம்மைத் தொடுவது கொஞ்சம், அளப்பதும் விரட்டுவதும்தான் அதிகம்.

முதலில் அங்கே போய்ச் சேருவதே பாடு. அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் பரிந்துரைக் கடிதம், அதற்கு ஒரு நாள், தேதிக்காகக் காத்திருக்க இன்னொரு நீண்ட காலம். தனியார் இடத்தில் நாளைக்கே வரச் சொல்வார்கள், ஆனால் ஒரு தடவைக்கு நூறு வெள்ளியைத் தாண்டும், மாதக் கணக்கில் போக யாரால் முடியும்? நான் போகிற இடம் எது என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. அங்கே அரை மணி நேரம் கிடைக்கும். அடுத்த தேதி சில சமயம் மாதம் தாண்டிப் போகும். மூட்டு இறுகுவதற்கு அந்த மாதம் தாராளம்.

ஆனால் அந்த அரை மணி நேரத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என்னைப் பார்க்கிற பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும், சீனப் பையன், ஜோகூர்க்காரன். “பெயின் ஆ, ஆன்ட்டி? வலி?” என்று தமிழிலேயே கேட்கத் தெரிந்து வைத்திருக்கிறான். வலி என்று சொன்னாலும் விடமாட்டான். சுவரோரம் தரையில் அளவு நாடா ஒட்டியிருக்கும். பாதத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல், முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடவேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. நல்ல காலில் பத்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து தொட்டுவிடுகிறேன். உடைந்த காலில் இரண்டு சென்டிமீட்டர். கணுக்காலின் முன்பக்கம் கதவிடுக்கில் விரல் மாட்டினதுபோல் ஓர் அடைப்பு, அதற்கு மேல் போகாது. தினமும் முக்கி முனகி இரண்டு இரண்டரையானபோது அவன் கைதட்டினான். அந்த அரை சென்டிமீட்டரை வீட்டில் போய்ச் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓ” என்றார்கள்.

அந்தச் சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் படி இறங்கிப் பார்க்கவேண்டும். சமதரையில் நடக்கக் கணுக்கால் முன்பக்கம் சுமார் பத்து டிகிரி மடங்கினால் போதும். படி இறங்க அதைவிட நிறையவே வேண்டும். அதனால்தான் ஏறும்போது சரியாக ஏறுகிறவள் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து நிற்கிறாள். பின்னால் வருகிறவர் என் நாடகம் முடியட்டும் என்று காத்திருக்கிறார். சம்மணம் போட்டு உட்கார முடியாது, குந்த முடியாது. வீரமாகாளியம்மன் கோயிலில் கீழே விழுந்து கும்பிட்டு எழுவது என்பது இப்போதைக்கு நினைத்துக்கூடப் பார்க்கமுடியாத காரியம். நின்றபடி கும்பிடுகிறேன், அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாதான் முறைத்தார்.

இன்னொரு பயிற்சி உண்டு. காலை அந்தரத்தில் நீட்டி, கட்டைவிரலையே பேனாவாக வைத்து ஏ முதல் இசட் வரை காற்றில் எழுதவேண்டும். எனக்கெதற்கு ஏ பி சி டி என்று நான் ‘அ’ என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலக்காரன் எழுத்தை வளைக்கவே இல்லை. ‘ட’வும் ‘ப’வும் தேவலை, கோடு கோடாகப் போய்விடும். ‘அ’வின் சுழியே கணுக்காலைத் திருகிவிடுகிறது. ‘இ’ வந்தால் கண்ணில் தண்ணீர். ‘ணூ’ போடுவதைப் பார்த்துவிட்டுப் பையன், “வாட் இஸ் தட், ஆன்ட்டி?” என்றான். தமிழ், மொத்தம் 247 எழுத்து என்றேன். “குட், குட், டூ ஆல்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான்.

அப்புறம் அந்த ரப்பர்ப் பட்டை. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். மஞ்சளில் தொடங்கி இப்போது சிவப்பில் நிற்கிறேன். பச்சையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

இவ்வளவும் அரை மணி நேரத்தில் காட்டித் தருவதோடு சரி, செய்யவேண்டியது வீட்டில். பத்து முறை, மூன்று சுற்று, நாளைக்கு மூன்று வேளை. கையில் ஒரு தாள் கொடுப்பார்கள், குச்சி மனிதர் படத்தோடு, முழுக்க ஆங்கிலத்தில். எனக்கு அது பரவாயில்லை. என் பக்கத்தில் உட்காருகிற பாட்டிகளுக்கு? தேக்காவில் மீன் விலையைக் கரைத்துக் குடித்த பாட்டி ஒருவர், குச்சி மனிதன் படுத்திருக்கிறானா நிற்கிறானா என்று தெரியாமல் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை நான் பார்த்தேன். நான்கு ஆட்சிமொழி உள்ள நாட்டில் குதிகால் உயர்த்துவதற்கு மட்டும் ஒரே மொழியா?

வீட்டில் செய்யச் சொல்கிறார்களே, வீட்டில் யார் செய்யவிடுகிறார்கள்? ஹாலில் பாயை விரித்துப் படுத்துக் காலைத் தூக்கினால், “சும்மாதானே படுத்திருக்கே, அந்த ரிமோட்டை எடு” என்கிறார் வீட்டுக்காரர். மூன்று வேளைப் பயிற்சி என்பது மூன்று வேளைச் சமையலோடு மோதுகிறது. பால் பொங்குகிறவரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குகிறேன். பெண்பிள்ளைகளுக்குக் கால் ஒடிந்தால் முதல் ஆறு வாரம் ராணி மரியாதை, ஏழாவது வாரம், “தோசைக்கு மாவு இருக்கா?” மகன் பாசமுள்ளவன், இல்லையென்று சொல்லமாட்டேன். “அம்மா, யூடியூபில் எல்லாம் இருக்கு” என்று நான்கு இணைப்புகளை அனுப்பிவிட்டுக் கடமையை முடித்துக்கொண்டான்.

வெளியே வந்தால் ஊர். சிங்கப்பூர் வேகமாக நடப்பவர்களின் ஊர். ஓவன் ரோடு பக்கம் இருக்கிற என் வீட்டிலிருந்து ஃபேரர் பார்க் ரயில் நிலையம் எத்தனை பக்கம் என்று நினைத்திருந்தேன்! இப்போது அந்தச் சாலையைக் கடப்பதற்குள் பச்சை மனிதன் சிமிட்ட ஆரம்பித்துவிடுகிறான். மூத்தோருக்காக 2009லேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள்: கம்பத்தில் உள்ள கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் மூன்று முதல் பதின்மூன்று விநாடிவரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். உடற்குறையுள்ளோர் அட்டைக்கும் அது உண்டு. பிரமாதமான திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். எனக்கு 54 வயது. 60 ஆகாததால் மூத்தோர் அட்டை கிடையாது. கால் ஒரு நாள் சரியாகிவிடும் என்பதால் மற்ற அட்டையும் கிடையாது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைத்து, தரை வழுக்காமல் பூச்சுப் பூசிக் கொடுக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத் திட்டம் 2012இலிருந்து இருக்கிறது, அதுவும் மூத்தோருக்கு. எதிர்வீட்டுப் பாட்டியின் குளியலறையில் பளபளவென்று கம்பி. அவர் அதில் துண்டு காயப்போடுகிறார். நான் என் வீட்டில் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாட்டிக்குக் கொடுத்ததை நான் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம், அவருக்கும் ஒரு நாள் தேவைப்படும். இந்த ஊரில் முழு ஆரோக்கியத்துக்கு இடம் உண்டு, நிரந்தரக் குறைக்கும் முதுமைக்கும் இடம் உண்டு. நடுவில் ஆறு மாதம் நொண்டுகிறவளுக்குத்தான் இடம் இல்லை.

ரயில் நிலையத்து மின்படிக்கட்டு விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கூட்டமில்லாத நேரத்தில் மூத்தோருக்காக அரை மீட்டராகக் குறைக்கிறார்கள். அலுவலகம் போகிறவள் கூட்டமில்லாத நேரத்துக்கு எங்கே போவது? தோபி காட்டில் மாறும்போது கீழேயிருந்து மேலே வரும் அந்த நீளப் படிக்கட்டில் கால் வைப்பதற்கு முன் நான் ஒரு விநாடி தயங்கினால், பின்னால் ஒரு கூட்டமே பெருமூச்சு விடுகிறது. மின்தூக்கி உண்டு, எல்லா நிலையத்திலும் உண்டு. அது பெரும்பாலும் நாம் நிற்கிற முனைக்கு எதிர்முனையில் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்தால் தள்ளுவண்டிகள், பயணப் பெட்டிகள், காரணமே இல்லாமல் நிற்கும் வாட்டசாட்டமான இளைஞர்கள். உட்கார இடம் வேண்டும் என்று சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லையும் ரயில் நிலையத்தில் தருகிறார்கள், தற்காலிக நோவு உள்ளவர்களுக்கும் சேர்த்தே. வாங்கி ஒட்டிக்கொண்டேன். அதைப் படிக்க வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவேண்டுமே!

இப்படியெல்லாம் மனதுக்குள் பொருமிக்கொண்டு பிசியோவுக்குக் காத்திருந்த ஒரு காலையில்தான் அந்தத் தம்பி என்னிடம் தாளை நீட்டினான். “அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?” புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. ஏணியிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியிருக்கிறது. கணுக்காலைவிடக் குதிகால் பொல்லாதது, உடம்பின் எடை முழுவதும் அதன்மேல்தான் இறங்கும்.

“பயிற்சியெல்லாம் செய்றீங்களா தம்பி?”

“எங்கக்கா செய்றது, ரூம்ல பன்னெண்டு பேரு. மேல் கட்டில் என்னுது. கீழ படுக்கிறவரு மாத்திக் குடுத்தாரு, புண்ணியவான். கீழ பாய் விரிச்சா அடுத்தவங்க நடக்க எடமில்ல.”

மருத்துவ விடுப்பு முடிந்து லைட் டூட்டி போட்டிருக்கிறார்களாம். சைட்டில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. “வேல கஷ்டமில்லக்கா. சைட்டுக்குப் போக லாரில ஏறணும்ல? ஏறும்போது ரெண்டு பேரு தூக்கி விட்டுருவாங்க. எறங்குறப்ப குதிக்காம எறங்க முடியல.”

குதிகால் உடைந்தவன் லாரியிலிருந்து குதிக்கிறான். அதற்குப் பெயர் லைட் டூட்டி. எனக்கு என் பச்சை மனிதனும் தோபி காட்டும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

சட்டத்தைக் கேட்டால் அது நன்றாகத்தான் பேசுகிறது. 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு. மருத்துவமனை விடுப்பானால் 60 நாள்வரை முழுச் சம்பளம். லைட் டூட்டி போட்டாலும் சம்பளத்தில் குறையும் பகுதிக்கு ஈடு உண்டு. மருத்துவச் செலவு முதலாளியுடையது, பிசியோவும் அதில் அடக்கம், ஆனால் விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள். ஓராண்டு என்பது காலண்டருக்குத் தெரியும், குதிகாலுக்குத் தெரியுமா? சட்டம் காசைப் பற்றிச் சொல்லிவிட்டது. துவாஸ் பக்கத்து விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு யார் கூட்டிவருவது, பயிற்சிக்குப் பாய் எங்கே விரிப்பது, தாளை யார் தமிழில் படித்துச் சொல்வது என்பதெல்லாம் எந்தப் பிரிவிலும் இல்லை. வழக்கு இழுபட்டு, வேலை அனுமதி போய், வேலை செய்யக் கூடாத சிறப்பு அனுமதிச் சீட்டோடு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்காக 2008இலிருந்து டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு கஃப் ரோடு திட்டம் என்று பெயர் வைத்து லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. என் மளிகைக் கடைக்கு நாலு எட்டு தூரத்தில் நடக்கிற காரியம். கால் நன்றாக இருந்த காலத்தில் அந்த வரிசையைத் தாண்டி எத்தனையோ முறை விறுவிறுவென்று நடந்திருக்கிறேன்.

தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். குச்சி மனிதனுக்குப் பக்கத்தில் “உட்கார்ந்தபடி, குதிகால் தரையில், விரல்களை மேலே இழு” என்று. தம்பி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, விடுதியில் கால் அடிபட்ட இன்னும் இரண்டு பேருக்கு அங்கேயே அனுப்பினான். பேனாவும் ஐந்து நிமிஷமும் போதுமாக இருந்தது. இதைச் செய்ய ஒரு நிர்வாகத்துக்கு ஏன் முடியவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த ஊழியருக்கா பஞ்சம்? தாதியரிலேயே நம்மவர்கள் இருக்கிறார்களே.

அதனால் கேட்கவேண்டியதை நேராகவே கேட்டுவிடுகிறேன். மருத்துவமனைக்காரர்களே, பயிற்சித் தாளை நான்கு மொழியிலும் அடியுங்கள், பிசியோவுக்கு அடுத்த தேதியை மூட்டு இறுகுவதற்குள் கொடுங்கள். முதலாளிமார்களே, குதிகால் உடைந்த ஆளை லாரியில் ஏற்றாதீர்கள், ஒரு வேன் வைத்தால் கம்பெனி மூழ்கிவிடாது. செராங்கூன் சாலைக் கடைக்கார அண்ணன்மார்களே, வெங்காய மூட்டையைச் சுவரோடு ஒட்டிவையுங்கள், கலகம் செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. சொந்தக்காரர்களே, சூப்புக்கு நன்றி, இனி யாருக்காவது கால் உடைந்தால் தூக்கை வைத்துவிட்டு அரை மணி நேரம் அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் பாயை விரித்துப் பயிற்சி செய்துகொள்ளட்டும். போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம். விடுப்புச் சீட்டு எழுதுகிற அதே டாக்டர் ஆறு மாதத்துக்குச் செல்லும் ஒரு தற்காலிக அட்டையையும் எழுதிக் கொடுக்கட்டும். பச்சை விளக்கில் எனக்குப் பதின்மூன்று விநாடி வேண்டாம், ஏழு போதும்.